எதிர்ப்புரி

மூன்றாம் நாள், அந்த ஒரு நட்டையாவது நானே கழற்றுவேன் என்று மெக்கானிக் பஸீலின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினேன்.

பிடுங்கினேன் என்பது கொஞ்சம் அதிகம். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் மாமனார் ஜௌபரின் டிராக்டர் அது. நமுனுகுல மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கு அதில் உரமும் அரிசியும் ஏற்றிப் போய், வாரத்தில் பாதியை அங்கேயே கழித்தவர் அவர். அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு இரண்டு வருடமாக அது பதுளை வீட்டுப் பின்வளவில், கிழிந்த தார்ப்பாயின் கீழ் துருவேறிக் கிடந்தது.

திடீரென்று என் மனைவி ஷாகிராவுக்கு அதை ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டது. பதுளையில் இத்தனை மெக்கானிக்குகள் இருக்க, நமுனுகுலயிலிருந்து பஸீல்தான் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பஸீலுக்கு என் வயதுதான். என்னைவிட உயரம். தலையில் முடி அத்தனையும் இருந்தது.

முதல் நாள் அவருக்குப் பிளேன்டீ கொடுத்தபோது, சீனி எத்தனை கரண்டி என்று ஷாகிரா கேட்கவில்லை. தெரிந்தே போட்டுக் கொண்டுவந்தாள். எனக்கு இன்றைக்கும் கேட்டுத்தான் போடுகிறாள்.

இரண்டாம் நாள் அவர் இறுகிப்போன பிஸ்டனில் டீசலை ஊற ஊற ஊற்றி, மரக்கட்டையை வைத்துத் தட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என்னவென்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல," என்றாள்.

என்னைக் கட்டுவதற்கு முன் அவளுக்கு வந்த சம்பந்தங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நமுனுகுலயிலிருந்து ஒன்றும் வந்ததாக யாரும் சொன்னதில்லை. வந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பார்களா?

அதனால்தான் இந்த நட்.

ஸ்டியரிங் கம்பியின் முனையில் இருந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்தேன். ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயை மாட்டி, அதன்மேல் ஏறி நின்றேன். மயிரளவும் அசையவில்லை. ஷாகிரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸீல் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மச்சான், நீங்க கழட்டல்ல. இறுக்குறீங்க," என்றார். "இது எதிர்ப்புரி, மத்தப் பக்கம் சுத்தோணும். பழைய கம்பி ஒடஞ்ச நேரம் வாப்பா லொரி ஒண்டுட கம்பிய வெட்டி மாத்திப் போட்டவரு."

வாங்கி, மறுபக்கம் ஒரு இழுப்பு. கிறீச்சென்று இளகிவிட்டது.

வாப்பா.

உங்கட மாமனார் என்று சொல்லவில்லை. ஷாகிராட வாப்பா என்றும் சொல்லவில்லை. சொந்த வீட்டுக்குள் தகப்பனைப் பற்றிப் பேசுகிறவரைப் போல, வெறும் வாப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஸ்பேனரைப் பிடித்த கை அப்படியே நின்றது.

ஷாகிராவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. குசினி ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே அவளுடைய தாய், ஸுபைரா மாமி, அரிசி கழுவும் சத்தம் நின்றிருந்தது.

"உம்மா..." என்றாள்.

"என்னத்துக்கு மகள் நடுங்குற?" ஜன்னலுக்குள்ளிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது. "நமுனுகுலயில அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது எனக்குத் தெரியாதெண்டா நெனச்சிங்க? ஒன்ட நானாவ கை கழுவிட்டுச் சோறு தின்ன வரச் சொல்லு."

அண்ணன் என்று அழைக்கப்பட்ட பஸீல் கிரீஸ் அப்பிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவர் தலையைக் குனிந்தபடி, சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஷாகிரா துவாயை நீட்டினாள்.

எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது.

பதினொரு வருடமாக அந்த வீட்டில் இது தெரியாதவன் நான் ஒருவன்தான்.