ஐந்தாவது தகடு

தென்னைநார்க் கிடங்கில் தீ அணைந்துவிட்டது, புகை அடங்கவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னார் தீயணைப்பு நிலைய அலுவலர். துணை ஒருங்கிணைப்பாளர் சகாயமேரி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். பதவியின் பெயர்தான் நீளம். உள்ளே போகிற தன்னார்வலர்களின் பெயர்த்தகட்டை வாங்கி வைத்து, வெளியே வந்ததும் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை.

"அஞ்சு வாங்குனேன் சார். நாலுதான் குடுத்திருக்கேன். பேச்சிமுத்து வரல."

"எங்கயாவது டீ குடிச்சிட்டு நிப்பாம்மா."

"தகட்ட வாங்காம டீக்கடைக்குப் போக மாட்டான். ஆளக் காட்டுங்க, வண்டி போகட்டும்."

வெளியே வந்திருந்த நான்கு பேரும் மறுபடி உள்ளே போகத் தகட்டைக் கழற்றினார்கள். அப்போது பின்சுவரைச் சுற்றிக்கொண்டு பேச்சிமுத்து வந்தான். முகமெல்லாம் கரி, கையில் கூடை, கூடைக்குள் ஒரு கோழி.

"அடையில இருக்குக்கா. எந்திரிப்பேனாங்குது. அதான் கூடையோட தூக்கிட்டேன்."

"கோழிக்காவது முட்டை இருக்கு. ஒனக்கு உள்ள என்னடா இருந்துச்சு, எரும?"

எல்லாரும் சிரித்தார்கள். சகாயமேரி திட்டி முடித்து, "பிடி உன் தகட்ட" என்று கையை நீட்டினாள். கை திறக்கவில்லை. இவ்வளவு நேரமும் தகட்டைப் பற்றி இறுகிக் கிடந்த விரல்களைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேச்சிமுத்து கூடையைத் தரையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தான்.