ஏழாவது பெட்டி

"மகள், சாப்பிட்டீங்களா?" என்று ஒரேயொரு தரம் கேட்டுவிட்டு, சாமித்தம்பி இடது கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

வலது கையில் ரிசீவர். கொழும்புக்குக் கோல் எடுத்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நிற்கிற மனிசனைக் கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் அதுவரை ஒருத்தரும் கண்டிருக்கமாட்டார்கள்.

குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற எட்வேட்டுக்குச் சிரிப்பு வந்தது. வீடு எட்வேட்டுடையது. பேஸ்மென்ற் சாமித்தம்பிக்கு. வேலை இரண்டு பேருக்கும் ஒரே கொம்பனியில்.

ரிசீவருக்குள் வெறும் இரைச்சல். பதிலைக் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சாமித்தம்பி தோற்றுப்போகிற இடமே இதுதான்.

அவன் கனடாவுக்கு வரும்போது மகள் தாயின் வயிற்றில். இப்போது கொழும்பில், தாயின் தங்கை வீட்டில், விசாவுக்காகக் காத்திருக்கிற மூன்று வயதுக்காரி. பொல்லாத வாயாடி என்று மனைவி கோணேஸ்வரி சொல்லுவாள். பால்காரனை விடமாட்டாளாம், பக்கத்து வீட்டுப் பூனையையும் விடமாட்டாளாம்.

தகப்பனோடு மட்டும் ஒரு சொல் கிடையாது.

அவனும் சும்மா இருக்கமாட்டான். "மகள்! மகள்! அப்பா கதைக்கிறன், கேக்குதா? மகள், கேக்குதா?" என்று வீடு அதிரக் கத்துவான். அந்தப் பக்கத்தில் ஏதோ கரகரக்கும். பிறகு அழுகை. பிறகு கோணேஸ்வரி ரிசீவரை வாங்கிவிடுவாள்.

"காணாத தகப்பனோட பிள்ளை என்னெண்டு அண்ணை கதைக்கும்?" என்று எட்வேட்டின் மனைவி கிளடிஸ் தேற்றுவாள். நல்ல தேற்றல்! அதைக் கேட்ட ஞாயிறுகளில் அவனுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஏன் வாயைப் பொத்தினான் என்றால், நேற்று கொம்பனி வகுப்பில் நடந்த கூத்துதான் காரணம்.

மாடிக் கட்டடங்களின் ஹீட்டிங்கைக் கவனிக்கிற பெட்டிகள் செய்கிற கொம்பனி அது. மாடிக்கு ஒரு பெட்டி, கீழே ஒரு தலைமைப் பெட்டி, எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டே இரண்டு வயர். தலைமைப் பெட்டி ஒவ்வொன்றாக நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, உன் மாடியில் சூடு எவ்வளவு என்று கேட்கும். கூப்பிட்ட பெட்டி மட்டும் பதில் சொல்லவேண்டும்.

ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் கதைக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து கதைத்தால் இரண்டு பேச்சும் நாசம். புரொட்டக்கோல், புரொட்டக்கோல் என்று சனிக்கிழமை வகுப்பெடுக்கிற போலந்துக்காரி தொண்டைத்தண்ணி வற்றப் படிப்பித்தது இதைத்தான்.

நேற்று ஆறு பெட்டிகள் கேட்டவுடன் டக்குடக்கென்று பதில் சொல்லின. ஏழாவது ஊமை. தலைமைப் பெட்டி மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏழாவது செத்துவிட்டது என்று திரையில் எழுதிவிட்டது.

"உது முடிஞ்சுது மச்சான், கழட்டி எறி," என்றான் எட்வேட்.

சாமித்தம்பிக்கு மனம் வரவில்லை. வயரில் ஓடுகிறதைக் கோடாகக் காட்டுகிற ஸ்கோப்பைக் கொண்டுவந்து மாட்டினான்.

பார்த்தால், ஏழாவது பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது!

பழைய சிப். கேள்வியை வாங்கி, யோசித்து, வாய் திறக்கக் கொஞ்சம் சுணங்குகிறது. அது வாய் திறக்கிற அதே நேரத்தில் தலைமைப் பெட்டி பொறுமை கெட்டு மறுபடியும் கூப்பிடுகிறது. பதிலுக்கு மேலேயே கேள்வி போய் விழுந்து இரண்டும் கரகரப்பாகிவிடுகிறது. எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்று தலைமைப் பெட்டிக்கு எழுதிக்கொடுத்தவன் வேறு யாருமில்லை, சாட்சாத் சாமித்தம்பிதான்.

பொறுக்கிற நேரத்தைக் கூட்டி எழுதினான். ஏழாவது பெட்டி பிசகில்லாமல் பதில் சொல்லியது. எட்வேட் துள்ளிக்கொண்டு கை தட்டினான்.

சாமித்தம்பி தட்டவில்லை. திரையில் அழித்துவிடாமல் வைத்திருந்த அந்தப் பழைய கரகரப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட மடையா," என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டான். கொழும்புக் கோல் வானத்துக்கு ஏறி சற்றலைற்றைத் தொட்டு இறங்கவே நேரம் எடுக்கிறது. பிள்ளைக்கு வெட்கம் தெளிய இன்னும் கொஞ்சம் நேரம். அதற்குள் இவன் எத்தனை தரம் கத்தியிருப்பான்!

இப்போது வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

"கோல் கட்டாகிட்டுதோ அண்ணை?" என்று கிளடிஸ் ஓடிவந்தாள். எட்வேட் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். அவனும் இப்போது சிரிக்கவில்லை.

மகள் என்று கூப்பிடப் போன சாமித்தம்பி விரலைக் கடித்துக்கொண்டான். நெஞ்சு அடிக்கிற சத்தம் கொழும்புக்கே கேட்டுவிடும் போலிருந்தது.

"திண்டன்," என்றது ரிசீவர்.

அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை.

"மீனும் சோறும் திண்டன். மறுகா பூனைக்குக் குடுத்தன். மறுகா பூனை அம்மாட சாறியில சத்தி எடுத்திட்டு. மறுகா..."

பூனையின் வாந்தியோடும் நிற்காமல், பிறகு பிறகு என்று அந்த மறுகாக் கதை போய்க்கொண்டேயிருந்தது. கண்ணீர் கன்னத்தால் வழிந்து ரிசீவரில் சொட்ட, சத்தம் வெளியே வராமல் உடம்பு குலுங்கச் சிரித்தான். அதைப் பார்த்துக் கிளடிஸும் அழத் தொடங்கிவிட்டாள், காரணம் தெரியாமலே.

கதை நின்றது. அவன் இன்னும் பொறுத்தான்.

"அப்பா?"

கையை வாயிலிருந்து எடுத்து, மெல்ல, ஒரேயொரு சொல் சொன்னான்.

"சொல்லுங்க."

ரிசீவர் தொப்பென்று மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு பிள்ளை வீட்டுக்குள் ஓடிக்கொண்டே கத்துகிற சத்தம்.

"அம்மா! அம்மா! அப்பாட காது சுகமாயிட்டு! அப்பாக்கு இப்ப காது கேக்குது!"