பதினாறாம் நாள் போன்

எல்லைச் சண்டையில் இறந்துபோன தணிகைவேலின் குரலையும் நினைவுகளையும் கணினியில் நகலெடுத்து ராணுவம் வீட்டுக்குக் கொடுத்திருந்தது. தினமும் மதியம் அது போனில் பேசும். தான் இறந்தது அதற்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் அன்றோடு நின்றுவிடும்.

பதினாறாம் நாள் காரியத்தில், அவன் படத்துக்கு முன்னால் படையல் போடும்போது போன் அடித்தது.

"வாய் தவறிச் சொல்லிடாதம்மா," என்றாள் தங்கை வளர்மதி.

"என்னம்மா, வீட்ல ஒரே சத்தம்?" என்றது போனில் தணிகைவேலின் குரல்.

"சொந்தக்காரங்க வந்திருக்காங்கடா."

"என்ன சமையல்?"

அம்மா பச்சையம்மா படையல் இலையைப் பார்த்தாள். "கருவாட்டுக் குழம்பு, ஈரல் வறுவல், மொச்சை."

"மாமாவுக்குக் கருவாடு வாசனையே ஆகாதே. எல்லாம் எனக்குப் புடிச்சதால்ல இருக்கு. யாருக்கும்மா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "உனக்குத்தான்டா."



"நான் அங்க இல்லாமயே சொந்தக்காரங்க கூடி எனக்கு இலை போட்டிருக்கீங்களா? அப்ப நான் இனிமே வரமாட்டேனாம்மா?"

"சாப்பிட்டுட்டுப் போ, கண்ணு," என்றாள் பச்சையம்மா.