தொட்டிக்குள் இரண்டு ஊர்

"அலையைக் கொஞ்சம் குறையுங்க மிஸ் ஸுஹைறா," என்றார் மதில் திட்டத்தின் ஆலோசகர்.

நான் குறைக்கவில்லை. போன மாரியில் எங்கள் கடலில் அளந்து எடுத்த அலை அது. தொட்டிக்கு ஏற்றபடி சிறிதாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். கடலிடம் போய்ச் சொல்லுங்கள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

தொட்டியின் ஒரு பக்கத்தில் இரும்புப் பலகை முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரைத் தள்ளியது. மறுபக்கத்தில் மணலால் ஆன கரை. கரையில் எங்கள் ஊர், சின்னச் சின்ன மரக்கட்டை வீடுகளாக. அதற்கு முன்னால், கடலுக்குள் நீட்டிக் கட்டப்போகிற கல்மதில், புளியங்கொட்டை அளவுக் கற்களாக.

இந்த ஆய்வுகூடம் என் பொறுப்பு. ஊர் முடிகிற இடத்தில் தொட்டியையும் முடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். திட்டத்தின் எல்லை அதுதானாம். மணல் என்ன, எல்லைக்கல்லைக் கண்டதும் திரும்பிப் போய்விடுமா? கல்முனைக் கரையில் அது தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே வடக்கே இருக்கிற பக்கத்து ஊரையும் சேர்த்துக் கட்டினேன். அதன் கரைக்கு மட்டும் சிவப்புச் சாயம் ஏற்றிய மணல் போட்டேன். போகிற மணல் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

அதோடு நிற்காமல், அந்த ஊர் மீனவர் சங்கத்துக் குணம் அண்ணனையும் வரச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் கலியாண வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்பது போல, பரிசோதனை பார்க்க வந்திருந்த எங்கள் ஊரார் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதில் கமிட்டியின் தலைவர் அபுல் ஹஸன், என் வாப்பா. மதில் வராவிட்டால் ஊரே கடலுக்குள் போய்விடும் என்று வருடக்கணக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர். இன்றைய பரிசோதனை சரிவந்தால் மதிலுக்கு அனுமதி. அது ஒன்றுதான் மிச்சம்.

தண்ணீருக்கடியில் சிவப்பு நகர ஆரம்பித்தது.

வாப்பாதான் முதலில் கண்டார். உடனே மணிக்கூட்டைப் பார்த்தார்.

"லுஹர் தொழுகைக்கு நேரமாயிட்டு மகள். மெசினை நிப்பாட்டு."

"நீங்க போய்த் தொழுதுட்டு வாங்க வாப்பா. எனக்கு அசருக்கு முன்ன நேரம் இரிக்கி. அலை ஓடட்டும்."

அவர் போகவில்லை. ஊரார் முன்னால் நான் அவரை எதிர்த்துக் கதைத்தது அதுவே முதல் தடவை. ஆனாலும் கையைச் சுவிட்சின் பக்கம் கொண்டுபோகவில்லை.

மதில் அசையவில்லை. அது மறித்த மணல் எங்கள் வீடுகளுக்கு முன்னால் தாராளமாகச் சேர்ந்தது. வடக்கே சிவப்புக் கரை மெலிந்தது, பிறகு இல்லாமலே போனது. பக்கத்து ஊரின் முன்வரிசைக் கட்டைகள் ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்து மிதந்தன.

குணம் அண்ணன் மிதந்து வந்த ஒரு கட்டையை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் ஈரத்தைத் துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆலோசகர் விடுவாரா? மதில் இல்லாமலும் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும், அதுதானே முறை என்றார். உங்கள் ஊர் படப்போகும் பாட்டை இவரும் பார்க்கட்டும் என்று குணம் அண்ணன் பக்கம் தலையை ஆட்டினார்.

"வேணாம்," என்றார் வாப்பா.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே போய்விடும் என்று தொண்டை கட்டக் கத்தியவர், அதைக் கண்ணால் காட்டுகிற நேரத்தில் வேண்டாம் என்கிறார்.

"வேணாம் மகள். காணும், நிப்பாட்டு."

அந்தக் குரல் என்னை உலுக்கியது. இருந்தாலும், ஒரு பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால் அது பரிசோதனை இல்லை, வெறும் வாய்ச்சண்டை.

அலையை நிறுத்தி, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். மதில் கற்களை என் கையாலேயே அள்ளி வாளியில் போட்டேன். மணலை மட்டப்படுத்தி, சிவப்பு மணலைப் புதிதாகப் பரப்பி, விழுந்த வீடுகளை நிமிர்த்தினேன். குணம் அண்ணனின் கையில் இருந்ததையும் கேட்டு வாங்கி அதன் இடத்தில் வைத்தேன். பிறகு அதே அலையை ஓடவிட்டேன். ஒரு நூல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வடக்கே சிவப்பு கொஞ்சம் கலங்கியது. கரை நின்றது. ஒரு கட்டையும் விழவில்லை.

எங்கள் பக்கம் தண்ணீர் ஏறி வந்தது. கடலுக்கு ஆகக் கிட்ட இருந்த கட்டையின் அடியில் மணல் பறிந்தது. கட்டை சரிந்தது, ஒருமுறை சுழன்றது, போய்விட்டது. அடுத்த கட்டையை நோக்கி வந்த தண்ணீர் அதைத் தொடாமலே திரும்பியது. மறுபடியும் வந்தது, மறுபடியும் திரும்பியது.

பலகை நிற்கும்வரை வேறொன்றும் விழவில்லை.

"ஒரு வீடுதானா?" என்றார் ஆலோசகர். அவருக்கு ஏமாற்றம்.

"ஓம். ஒண்டுதான்," என்றேன்.

குணம் அண்ணன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அது ஆர்ட வீடு தங்கச்சி?"

வாப்பா தொப்பியைக் கழற்றி அதனாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ட ஊடுதான் அண்ணன்," என்றேன் நான். "வாப்பா எனக்குச் சீதனமாக் கட்டித் தந்த. மத்ததெல்லாம் நிக்கிது, பாத்தீங்களா?"