கீழ்வீட்டு ஸ்பீக்கர்

"ஒரு ஸ்பீக்கர் வாங்கணும். கூட வாங்க சார், உங்க காது வேணும்" என்று கீழ்வீட்டுக்காரர் கூப்பிட்டபோது, நான் பாட்டு வாத்தியார் என்பதால்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாசல்ல பத்துப் பேர் கூடுவோம். கையில தூக்கற மாதிரி இருந்தா போதும்" என்றார் கடைக்காரரிடம்.

"இதை எடுத்துக்கோங்க. தெருவே அதிரும்."

"சின்னதே போதும்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"பழசுக்கு என்ன ஆச்சு?" என்றார் கடைக்காரர்.

"தண்ணி பட்டுடுச்சு. பொண்ணோட பிறந்த நாள் அன்னிக்கு, பாதிப் பாட்டுல நின்னுபோச்சு."

பிறந்த நாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. விலைச்சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அப்ப நனைஞ்சாலும் கெடாதது தரேன்" என்று கடைக்காரர் ஒன்றைப் பாடவிட்டார்.

கீழ்வீட்டுக்காரர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"இவ்வளவு இருக்கலாமா சார்? இன்னும் குறைக்கணுமா?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"மேல நீங்கதானே இருக்கீங்க. இந்த வயசுல வாளியைத் தூக்கிட்டு பால்கனிக்கு வர்றது உங்களுக்கும் சிரமம்."

நான் மறுபடியும் விலைச்சீட்டைக் கையில் எடுத்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"கவலைப்படாதீங்க. பொண்ணுகிட்ட மழைன்னுதான் சொல்லியிருக்கேன்."