தட்டை மாற்றிப் போடுங்கள்

ஒரு வாக்கியத்தின் விலை ஒரு மன்னிப்பு.

மலிவுதான் என்றார் மேடம். வேறு இடமாக இருந்தால் பிஎச்.டி. பதிவையே ரத்து செய்துவிடுவார்களாம்.

அவள் வாய் திறக்கவில்லை. முதலில் சொன்ன விலைக்கு யாராவது பதில் சொல்வார்களா?

பல்கலைக்கழகத்தின் எழுத்துத் துணை மையம். மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிற இடம். மேடம் அதன் பொறுப்பாளர். ஏசி உண்டு. சுவரில், 'உன் குரலில் எழுது' என்று ஒரு போஸ்டர். அதற்கு நேர் கீழே பிரிண்டர்.

மேஜையில் அவளுடைய ஆய்வேட்டைச் சோதித்த அறிக்கை கிடந்தது. இருபத்து மூன்று சதவீதம் காப்பி என்கிறது கம்ப்யூட்டர். பத்தைத் தாண்டினால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள்.

ஒப்படைக்க இன்றே கடைசி நாள்.

சிவப்பாகியிருந்த வரிகளில் ஒன்றை மறுபடி படித்தாள்.

'வேண்டாம் என்று எழுந்து நடக்கிறவர்தான் வாங்க வந்தவர்.'

அவள் எழுதியதுதான். விருதுநகரில் அப்பாவின் மிளகாய் வத்தல் மண்டியில், மூட்டைமேல் உட்கார்ந்து, பேரம் பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதியது. ஆய்வே அதைப் பற்றித்தான். பேரப் பேச்சு.

அந்த வரி வருகிற அத்தியாயத்தைத் திருத்தித் தரச் சொல்லி நெறியாளரிடம் கொடுத்திருந்தாள். ஒரு வருஷம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். ஒரு திருத்தம்கூட இல்லை.

நடுவில் அது ஓர் ஆய்விதழில் அவர் பெயரில் வந்துவிட்டது.

அதிலும் ஒரு திருத்தம்கூட இல்லை.

முதலில் அச்சில் வந்தவர் யாரோ அவர்தான் சொந்தக்காரர். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவே.

"எனக்குப் புரியாமலா இருக்கு?" மேடம் குரலைத் தாழ்த்தினார். "அவர் துறைத்தலைவரும்மா. நாளைக்கு உன் வைவாவை நடத்தப் போறதும் அவர்தான். பகைச்சுக்கிட்டு எங்க போவே?"

கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

'பிறர் எழுத்தைக் கவனக்குறைவால் என் எழுத்தாகக் கையாண்டமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.'

கீழே புள்ளிக்கோடு.

"கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நாங்களே அடிச்சு வச்சிருக்கோம். ஆய்வேட்டோட சேர்த்து அப்லோட் பண்ணிட்டா கதை முடிஞ்சுது."

யாருடைய கதை என்று அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் திருடி அவள். அதுவும் அவள் வாயாலேயே.

கண் எரிந்தது. கலங்கவில்லை. வத்தல் மண்டியில் வளர்ந்த கண்.

எழுந்தாள்.

விலை இறங்கியது.

"சரி, வேணும்னா 'மனப்பூர்வமாக'வை எடுத்துடறேன்."

உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் இதே கடிதம்தானா மேடம்?"

"இதேதான். நான் இங்க வந்ததுலேர்ந்து இதுதான். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசினதில்ல."

மண்டியில் தராசின்மேல் சந்தேகம் வந்தால் அப்பா சண்டை போட மாட்டார். தட்டை மாற்றிப் போடச் சொல்வார். கல் இருந்த தட்டில் சரக்கு. சரக்கு இருந்த தட்டில் கல். நல்ல தராசு இரண்டு பக்கமும் ஒரே எடைதான் சொல்லும்.

"இதையும் அந்த சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க மேடம்."

"எதை?"

"இந்த மன்னிப்பை."

மேடம் சிரித்துவிட்டார். "மன்னிப்புக் கடிதத்தைப் போய் யாராவது செக் பண்ணுவாங்களா? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?"

"உங்க தராசுதானே. நீங்க ஏன் பயப்படுறீங்க?"

பயமென்று சொன்னதும் மேடம் மவுஸைப் பிடித்தார்.

கடிதத்தை ஏற்றிச் சொடுக்கினார்.

பிரிண்டர் ஓடியது.

தாள் தலையிலிருந்து கால்வரை சிவப்பாக வந்தது. ஒரு வரி தப்பவில்லை. புள்ளிக்கோடுகூட வேறெங்கோ இருந்து எடுத்ததுதான்.

நூறு சதவீதம்.

எங்கிருந்து எடுத்தது என்ற பட்டியல் அடுத்த பக்கம்வரை ஓடியது. போன வருஷத்தவர்கள், அதற்கு முந்தியவர்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி வருந்தியிருந்தார்கள்.

மூன்று பெயர்களில் அவள் விரல் நின்றது. தெரிந்த சீனியர்கள்.

மூன்று பேருக்கும் அதே நெறியாளர்.

மேடமும் பார்த்துவிட்டார். சிரிப்பு போய்விட்டது.

"அந்தத் தாளை இங்க குடும்மா."

அவள் அதை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

கடிதத்தை மட்டும் எடுத்து, பேனாவைத் திறந்து, புள்ளிக்கோட்டின்மேல் எழுதினாள். நிறுத்தி, நிதானமாக. மேடத்தின் பக்கம் நகர்த்தினாள்.

எழுந்தாள். இந்தத் தடவை நடந்தாள்.

கதவுவரை போயிருப்பாள்.

"ஏம்மா, நில்லு. உட்கார்ந்து பேசுவோம். நான் சார்கிட்ட பேசறேன்."

அவள் திரும்பவில்லை. நடையைக் கூட்டவும் இல்லை.

மேடம் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வரி இருந்தது.

என் பக்கம்: 23.

உங்கள் பக்கம்: 100.

எனக்கு வரவேண்டிய மன்னிப்பு: 77.