பந்தைப் பிடித்த போலீஸ்காரர்

"இந்த பேண்ட்டை நான் தொடவே மாட்டேன், சார்!"

டெய்லர் கத்தரிக்கோலை டொக்கென்று மேஜைமேல் வைத்தார். எதிரே நின்ற போலீஸ்காரரின் கையில், முட்டி கிழிந்த யூனிஃபார்ம் பேண்ட்.

"முட்டியில ஒரு தையல்தான், டெய்லர். சாயங்காலம் விசாரணைக்குப் போகணும்."

"முட்டி எப்படிக் கிழிஞ்சுதுன்னு ஊருக்கே தெரியும்!"

தெரியாமலா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் லீக்கின் கடைசி மேட்ச். ஜெயித்தால்தான் ஊர் டீமுக்குக் கப். சமமாக முடிந்தாலே அது எதிர் டீமுக்குப் போய்விடும். ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். எதிர் டீம் கோல்கீப்பரைத் தாண்டிய பந்து, காலியாகக் கிடந்த கோலுக்குள் உருண்டு நுழையப் போகிறது. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் காவலுக்கு நின்ற இந்த மகானுபாவர் ஓடிவந்து, குப்புற விழுந்து, பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ரெஃப்ரி விசில் ஊதினார். கோல் இல்லை. கப் போச்சு.

டெய்லர்தான் ரசிகர் மன்றத் தலைவர். மன்றத்தின் தலைமைச் செயலகம் இந்தத் தையல் கடை.

"அது கோல்தான்!" என்றான் மச்சான். டெய்லர் மனைவியின் தம்பி, பிளம்பர். ஊர்க் குழாயை எல்லாம் அடைப்பவனுக்குத் தன் வாயை மட்டும் அடைக்கத் தெரியாது.

"சட்டப்படி கோல் இல்லைப்பா," என்றார் மன்றச் செயலாளரான வக்கீல் குமாஸ்தா. "ஆட்டத்துல சேராத ஆள் பந்தைத் தடுத்தா, ஆட்டத்தை நிறுத்திட்டு, ரெஃப்ரி பந்தைக் கீழே போட்டு மறுபடி ஆரம்பிக்கணும், டிராப் பால். நாய் குறுக்கே வந்தாலும் அதே சட்டம்தான்."

"நாய் தெரியாம வரும். இவர் தெரிஞ்சே விழுந்தாரு!"

"அதைத்தான் நானும் சொல்றேன். டியூட்டியில இருக்கிறவர் ஒரு பக்கம் சாயக் கூடாது. வேணும்னேதான் பாய்ஞ்சாருன்னு கண்ணால பார்த்த சாட்சி ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும். இன்னிக்கே சஸ்பெண்ட்!"

"நான் போடறேன்," என்றார் டெய்லர். "பக்கத்துலதான் நின்னேன். வேணும்னேதான் பாய்ஞ்சாரு."

போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "கால் தடுக்கிடுச்சு. அப்படித்தான் மேலிடத்துலயும் சொல்லியிருக்கேன்."

"நல்லாத் தடுக்கிச்சு!" என்றான் மச்சான். "கோல் விழுந்தா பின்னாடி இருக்கிற சுவர்ல ஏறி ஆடறது நம்ம வழக்கம். மறுநாளே அந்தச் சுவரையும் இடிச்சுத் தள்ளிட்டாங்க. நாம ஆடறது யார் கண்ணை உறுத்துதோ!"

மச்சானும் குமாஸ்தாவும் புகாரை டைப் அடித்து வரக் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் போனதும் டெய்லர் போலீஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"என் பொண்ணை அந்தச் சுவரை ஒட்டித்தான் உட்கார வெச்சேன், சார். நம்ம டீம் கப் வாங்கறதைக் கிட்ட இருந்து பார்க்கட்டும்னு. வீடு வந்து சேர்ற வரைக்கும் அழுதா. அந்த பேனரைப் பாருங்க. ராத்திரி தூக்கத்தை விட்டுத் தைச்சது. இப்ப மூலையில கிடக்குது."

இரண்டு நீளக் கட்டைகளில் சுற்றிய பேனர் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் போலீஸ்காரர் பதறிப் போனார்.

"இந்தக் கட்டையை இன்னுமா வெச்சிருக்கீங்க? யாராவது பார்க்கறதுக்குள்ள உள்ளே கொண்டு போங்க!"

"ஏன், அதுக்கும் திருட்டுக் கேஸ் போடுவீங்களா? மேட்ச் அன்னிக்குக் காலையில அந்தச் சுவர்ல சும்மா சாய்ஞ்சு கிடந்தது. பேனர் கட்ட நானும் மச்சானும் எடுத்துக்கிட்டோம்."

போலீஸ்காரர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கட்டை சுவர்மேல சாய்ஞ்சு கிடக்கல, டெய்லர். சுவர்தான் கட்டைமேல சாய்ஞ்சு கிடந்துச்சு."

டெய்லருக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"கடைசி நேரத்துல என் தொப்பியில மண் கொட்டிச்சு. திரும்பிப் பார்த்தா சுவர் விரிஞ்சு ஆடுது. எல்லாரும் எழுந்திரிங்கன்னு கத்தறேன், அந்தச் சத்தத்துல யார் காதுல விழும்? அதுக்குள்ள பந்து வந்துடுச்சு. அது கோல் ஆகியிருந்தா மொத்த மன்றமும் அந்தச் சுவர்மேல ஏறியிருக்கும். கீழே உங்க பொண்ணு."

டெய்லர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதை விசாரணையில சொல்லிடலாமே, சார்?"

"முட்டுக் கொடுத்திருந்த கட்டை எங்கேன்னு அடுத்த கேள்வி வரும். அப்புறம் உங்களையும் உங்க மச்சானையும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். கால் தடுக்கிடுச்சுன்னா எனக்கு நாலு திட்டோட போயிடும்."

பேண்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, போலீஸ்காரர் லேசாகச் சிரித்தார்.

"எனக்கு மட்டும் வயிறு எரியாதா? சின்ன வயசுலேர்ந்து நானும் நம்ம டீம்தான்."

டெய்லர் பேண்ட்டை எடுத்து, அதே நிறத்தில் நூல் தேடி, ஊசியில் கோக்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததில் நூல் ஊசிக்குள் போகவே இல்லை. போலீஸ்காரர்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் மச்சான் தாளும் பேனாவுமாகப் பாய்ந்து வந்தான்.

"மாமா, புகார் ரெடி! கையெழுத்தைப் போடுங்க. நீங்கதானே பக்கத்துல இருந்து பார்த்தீங்க?"

"ஆமாண்டா, பார்த்தேன்," என்றார் டெய்லர், கிழிந்த முட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "பாவம், கால் தடுக்கித்தான் விழுந்தாரு."